விடுதியில் தலித் ஆவது

2025 ஜூலை 7 அன்று தமிழக அரசு ஓர் அறிவிப்பு செய்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் என்று தனித்தனித் துறைகள் நடத்திவரும் மாணவர் விடுதிகள் எல்லாம் இனி 'சமூகநீதி விடுதி' என்ற ஒரே பெயரில் அழைக்கப்படும் என்பது அறிவிப்பு. 2,700க்கும் மேற்பட்ட விடுதிகள். நம்மாட்களிடையே உடனே இரண்டு பேச்சு கிளம்பியது. 'நல்லதாப் போச்சு. ஆதிதிராவிடர் விடுதின்னு பலகையப் பாத்ததுமே நம்ம புள்ளைங்கள எடை போட்டுட்றானுங்க. இனி அந்தத் தொல்லை இல்ல' என்பது ஒன்று. 'பலகைல பேர மாத்திட்டா கக்கூசுக்குக் கதவு வந்துருமா? சோத்துல கெடக்குற புழு போயிருமா?' என்பது இன்னொன்று.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்றை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே பெட்டியோடு நுழைகிற பதினேழு வயசுப் பையனும் பொண்ணும் மூணு வருஷம் கழித்து வெளியே வரும்போது யாராக வருகிறார்கள்?

தலித்தாகப் பிறந்தோம் என்று மேடையில் பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. பறையராக, பள்ளராக, அருந்ததியராகப் பிறக்கிறோம். அந்தப் பேரை ஒட்டுகிற வேலையை ஊர் செய்து முடித்துவிடுகிறது. தலித் என்பது அதற்குப் பிறகு நாமாக ஆவது. ஆவதற்கு இடம் வேண்டும், கூட்டாளி வேண்டும், புத்தகம் வேண்டும், விடிய விடிய சண்டை போட்டுப் பேச நேரம் வேண்டும். சேரியில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. வகுப்பறை இதற்கு இடம் தருவதில்லை. இரண்டுக்கும் நடுவே கிடக்கிற விடுதிதான் நம்மில் பலருக்கு அந்த இடமாக இருந்திருக்கிறது. ஆகவே விடுதியைப் பற்றிப் பேசுவது சோறு, கட்டில், உதவித்தொகை பற்றிய பேச்சாக மட்டும் முடிந்துவிடக் கூடாது. அடையாளம் எப்படி உண்டாகிறது என்ற பேச்சும் அதில் இருக்கிறது.

இந்தப் பேச்சை நமக்கு முன்பே பேசிப் பார்த்தவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். அங்கே கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட மாணவர் சகோதர சங்கங்கள் உண்டு. வெள்ளை வசதிக்காரப் பிள்ளைகள் தொடங்கி வைத்தவை. சேருவதற்கு ரகசியச் சடங்கு, தங்குவதற்குத் தனி வீடு, படித்து முடித்ததும் கைதூக்கி விடுவதற்கு முன்னாள் அண்ணன்மார் என்று அது ஒரு தனி ஏற்பாடு. கறுப்பர்களுக்கு அதில் கதவு மூடியிருந்தது. 1906 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பு மாணவர்கள் தங்களுக்கென்று 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளையர் கல்லூரியில் சேர்ந்த கறுப்பு மாணவன் அடுத்த வருஷம் திரும்பி வருவானா என்பதே சந்தேகமாக இருந்த காலம் அது. சேர்ந்து படிப்பது, ஒருத்தன் விழாமல் இன்னொருத்தன் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான் தொடக்கம். 1908இல் வாஷிங்டனில் உள்ள கறுப்பர் கல்வி நிலையமான ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவியர் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா'வைத் தொடங்கினார்கள். 1913இல் அதே ஹாவர்டில் 'டெல்டா சிக்மா தீட்டா' தொடங்கியது. அந்தப் பெண்கள் சங்கம் தொடங்கிய சில வாரங்களிலேயே, அந்த வருஷம் மார்ச் மாதம், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வாஷிங்டனில் நடந்த ஊர்வலத்தில் போய் நின்றார்கள். 1930இல் இந்தச் சங்கங்களுக்குக் கூட்டமைப்பு வந்தது. இன்று அதில் ஒன்பது சங்கங்கள். டூ பாய்ஸ், தர்குட் மார்ஷல், மார்ட்டின் லூதர் கிங் மூவரும் ஆல்ஃபா சங்கத்து ஆட்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. படிப்பு முடிந்தாலும் இந்த உறவு முடிவதில்லை. பட்டம் வாங்கியவர்களுக்கென்று ஊர் ஊருக்குக் கிளைகள். வேலைக்குப் போனவர்கள் சந்தா கட்டுகிறார்கள், கல்வி உதவி தருகிறார்கள், வாக்காளர் பட்டியலில் ஆட்களைச் சேர்க்கிறார்கள். விடுதியைக் காலி செய்ததும் விடுதியை மறந்துபோகிற நம் வழக்கத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த உறவு எவ்வளவு ஆழமானது என்று தமிழ்ப் பத்திரிகைகள் புரிந்துகொள்ளவே இல்லை என்பதற்குக் கமலா ஹாரிஸ் கதை ஒன்றே போதும். 2020இலும் 2024இலும் அவர் தேர்தலில் நின்றபோது திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம்தான் செய்தி. அம்மாவழித் தாத்தா ஊர், கோயில், பூஜை, கல்வெட்டில் பேர், இட்லி, சாம்பார். அவர் ஹாவர்டில் படித்ததும், அங்கே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்ததும், அந்தச் சங்கத்துப் பெண்கள் நாடு முழுக்க அவருக்காக இறங்கி வேலை செய்ததும் ஏதோ துணுக்குச் செய்தி. அக்ரகாரத்து வேர் கிடைத்துவிட்டால் நம் பத்திரிகைகளுக்கு மற்றது வேண்டாம். 2024இல் டிரம்ப் வேறு திசையிலிருந்து வந்தார். இந்தப் பெண் இந்தியராக இருந்தவர், திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்று கேலி பேசினார். நம்மூர்ப் பத்திரிகைக்கும் டிரம்ப்புக்கும் இதில் ஒரே நினைப்பு. ரத்தம் சொல்வதுதான் அடையாளம், மற்றதெல்லாம் வேஷம். ஆனால் தமிழ்நாட்டில் பிறந்த பார்ப்பன அம்மா தன் மகள்களைக் கறுப்புப் பெண்களாகத்தான் வளர்த்தார் என்பதை கமலாவே எழுதியிருக்கிறார். அந்த வளர்ப்பைப் பெண் தன் விருப்பமாக எடுத்துக்கொண்டு முடித்த இடம் கல்லூரியும் சகோதரியர் சங்கமும்.

'கறுப்பராக ஆவது' என்பதை முறையாகக் கோட்பாடாக்கியவர் வில்லியம் கிராஸ் என்ற கறுப்பு உளவியலாளர். 1971இல் எழுதினார். கறுப்பர் எழுச்சி கண்முன்னே ஆட்களை மாற்றிக்கொண்டிருந்த நேரம். அந்த மாற்றத்தை அவர் ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் ஒருத்தன் வெள்ளை உலகத்தின் கண்ணாலேயே தன்னைப் பார்க்கிறான், இனம் தனக்கு முக்கியமில்லை என்கிறான். இரண்டாவது படியில் ஒரு மோதல். ஏதோ ஓர் அவமானம், ஒரு கொலை, ஒரு புத்தகம், அவன் கட்டி வைத்ததை உடைக்கிறது. மூன்றாவது படியில் கறுப்பு என்பதற்குள் தலைகுப்புற விழுகிறான். உடை, முடி, பேச்சு எல்லாம் மாறுகிறது, வெள்ளை எல்லாம் கெட்டது, கறுப்பு எல்லாம் நல்லது. நான்காவது படியில் கொதிப்பு அடங்கி, அடையாளம் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. ஐந்தாவதில் அது காரியமாகிறது, தன் மக்களுக்கான நீண்டகால வேலையாகிறது. இருபது வருஷம் கழித்து, 1991இல், கிராஸ் தன் கருத்தைத் தானே திருத்தினார். முதல் படியில் இருப்பவன் எல்லாம் தன்னை வெறுப்பவன் என்று சொல்ல முடியாது, ஒருத்தன் தன்மானத்தோடு இருந்துகொண்டே இன அடையாளத்துக்கு முக்கியத்துவம் தராமலும் இருக்கலாம் என்றார். ஆராய்ச்சிக்காரர்கள் இந்தப் படிகளை வைத்துக்கொண்டு கறுப்பு மாணவர் சங்கங்களுக்குள் போனார்கள். சங்கம் மாணவனை அடுத்த படிக்குத் தள்ளுகிறதா, அல்லது ஏற்கெனவே அந்தப் படியில் இருப்பவன்தான் சங்கத்தைத் தேடி வருகிறானா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

இந்த ஏணியை அப்படியே தூக்கிவந்து நம் வீட்டுச் சுவரில் சாத்த முடியாது. முதல் சிக்கல் தோல். கறுப்பு மாணவன் வகுப்புக்குள் நுழையும்போதே அவன் யார் என்று தெரிந்துவிடுகிறது. நம் பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ரயில்வே, மின்வாரியம், ஆசிரியர் வேலை என்று வந்து குடியேறிய நம் முதல் தலைமுறை உத்தியோகஸ்தர்கள் வாடகைக்கு வீடு கேட்கப் போனபோது சந்தித்த கேள்வி நமக்குத் தெரியும். 'நீங்க என்ன ஆளுங்க?' நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர், 'சைவமா, அசைவமா?' என்பார். அந்தக் கேள்விக்கு நடுங்கி, ஊர்ப் பேர் சொல்லாமல், உறவுக்காரர்களை அடிக்கடி வரவிடாமல் வளர்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாதி தெரியாது என்று சொல்ல முடியாது. அது வீட்டில் சத்தமில்லாமல் கற்றுத்தரப்பட்ட பாடம். கிராஸ் சொல்லும் முதல் படியில் இருப்பது அறியாமை. நம்முடைய முதல் படியில் இருப்பது ஒளிப்பு. அறியாமையை ஒரு புத்தகம் உடைத்துவிடும். ஒளிப்பை உடைக்கப் புத்தகம் பத்தாது. பக்கத்துக் கட்டிலில் ஒளிக்காத ஒருத்தன் படுத்திருக்க வேண்டும்.

கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கு நிலைமை நேர்எதிர். அதற்கு மோதல் பால்குடி வயசிலேயே முடிந்துவிட்டது. பாமாவின் 'கருக்கு' (1992) நாவலா, தன்வரலாறா என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நமக்கு அதில் வேண்டியது வேறு. மூணாங் கிளாஸ் படிக்கும் சிறுமி, நம் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அண்ணன் வந்து காரணம் சொன்னதும் சிரிப்பு செத்துப்போகிறது. அமெரிக்கக் கோட்பாட்டில் வாலிப வயசில் வரும் இரண்டாவது படி, இங்கே எட்டு வயசில் வந்துவிடுகிறது. கல்லூரிப் பகுதியில் வரும் காட்சியும் முக்கியம். சிறப்பு வகுப்புக்காக அரிசனப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள் என்று ஆசிரியை சொல்ல, இரண்டு பேர் எழுகிறார்கள். அந்தச் சலுகையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு பாமா உட்காருகிறார். கோபம் இருக்கிறது, ரோஷம் இருக்கிறது. கூட நிற்க ஆள் மட்டும் இல்லை. ஒரு விடுதியே எழுந்து நின்றிருந்தால் அந்தக் காட்சி வேறு மாதிரி முடிந்திருக்கும். பாமாவின் எழுத்தில் விடுதி என்பது மூடிய கதவு, கிண்டல், உடுத்த நல்ல சேலை இல்லாத வெட்கம். அங்கே தலித் ஆவதற்குத் துணை கிடைக்கவில்லை. அந்தத் துணையை அவர் பிற்பாடு எழுத்தில்தான் கண்டுபிடிக்கிறார்.

ராஜ்கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) இதே விஷயத்தை நக்கலாகச் சொல்கிறது. பள்ளிக்கூடம், விடுதி, கல்லூரி என்று அலையும் சிலுவைராஜ் எல்லாவற்றையும் எட்டி நின்று கிண்டல் செய்கிறான், தன்னையும் சேர்த்துத்தான். படித்து முடித்து வேலை தேடும்போது கிறிஸ்தவன் என்பதால் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது என்று கதவடைக்கிறார்கள். கடைசியில் இந்து ஆகப் போகிறான். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்துக்கு இன்றுவரை அந்தக் கதவு திறக்கவில்லை. கிராஸின் ஐந்து படிகளில் தாசில்தார் அலுவலகம் வருவதில்லை. நம் ஏணியில் அது ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்திருக்கிறது. நான் யார் என்று நான் முடிவு செய்வதற்குள் சான்றிதழ் முடிவு செய்துவிடுகிறது. இது நமக்கே உரிய கஷ்டம். இதை விட்டுவிட்டு அடையாளம் பற்றிப் பேசுவது அரைப்பேச்சு.

இனி கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையில் வருவோம். 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை. அதில் ஒரு நிலையம் பரங்கிமலை. எம்.சி. ராஜா 1883இல் பிறந்த ஊர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி, ஆசிரியராகி, சென்னை மாகாண சட்டசபைக்குப் போனவர். 1922இல் அங்கே அவர் கொண்டுவந்த தீர்மானம்தான் அரசுப் பதிவுகளில் 'பறையர்', 'பஞ்சமர்' என்று இருந்த இடத்தில் 'ஆதிதிராவிடர்' என்ற சொல்லை உட்கார வைத்தது. 1932இல் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டதற்காக அவரோடு நமக்குக் கணக்கு பாக்கி இருக்கிறது, அது வேறு விஷயம். சைதாப்பேட்டையில் கல்லூரி மாணவர்களுக்கான ஆதிதிராவிடர் நலத்துறை விடுதி அவர் பேரைத் தாங்கி நிற்கிறது. தெற்கே இன்னும் போனால் மதுராந்தகம் பக்கம் கோழியாளம். இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். அவர் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது 'பறையன்' என்றே பேர் வைத்தார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதையே தூக்கிப் பிடித்தால்தான் ஆளே நிமிர முடியும் என்பது அவர் வாதம். அயோத்திதாசர் அதை ஏற்கவில்லை. அந்தப் பேர் நம் எதிரிகள் ஏற்றியது, நாம் பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பேர் பற்றிய சண்டை நமக்குப் புதுசு இல்லை. அந்தச் சண்டையை நம்மாட்களே போட்டார்கள், பத்திரிகையில் போட்டார்கள், சட்டசபையில் போட்டார்கள். 'ஆதிதிராவிடர்' யாரோ இரக்கப்பட்டுத் தந்த பேர் கிடையாது, கேட்டு வாங்கியது. அது இப்போது இழிவுச் சொல்லாகிவிட்டது என்றால் குற்றம் சொல்லில் இல்லை, பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண் நாளைக்கு 'சமூகநீதி விடுதி' என்ற பலகையையும் அதே மாதிரிதான் பார்க்கும். அமெரிக்காவில் 'நீக்ரோ' போய் 'கறுப்பர்' வந்தது. அந்தச் சொல்லையும் முன்னே வசவாகத்தான் எறிந்தார்கள். தெருவில் இறங்கியவர்கள் அதைப் பொறுக்கி எடுத்துக் கொடியாக்கினார்கள். நம்மிலும் எல்லோரும் ஒரே திசையில் போகவில்லை. 2021இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஏழு சாதிகளுக்குத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற பொதுப்பேர் தந்தது. அது அந்த மக்கள் பலகாலம் கேட்டுப் பெற்றது. 'தலித்' என்ற குடைக்குள் வரமாட்டேன் என்பவர்களும் அவர்களில் உண்டு. அந்தத் தேர்வோடு நான் வாதாடுவேன், ஆனால் அதை ஒரு தேர்வாக மதிக்கிறேன்.

தாம்பரத்துக்கே வருவோம். 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்தபோது விடுதிகளோடு வந்தது. செயின்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் என்று மூன்று ஹால். இங்கே படித்தவரைப் பாருங்கள், எந்தத் துறை என்பதைச் சொல்லும் முன்னே எந்த ஹால் என்று சொல்லுவார். கிழவரானாலும் சொல்லுவார். அமெரிக்கச் சகோதர சங்கத்துக்கு நம் பக்கத்தில் உள்ள நெருங்கிய உதாரணம் இந்த ஹால்தான். ஹாலுக்கென்று பாட்டு, விழா, பழக்கவழக்கம், முன்னாள் மாணவர் கூட்டம். நினைவை எப்படிக் கட்டிக் காப்பது என்று பார்க்க அங்கே போகலாம். ஆனால் ஹால் அடையாளம் சாதிக்கு மேலே விரித்த ஜமுக்காளம். எல்லோரும் ஹால்காரன் என்று சொல்லும்போது, கீழே தரை எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கறுப்பு மாணவர்கள் பொதுச் சங்கம் இருக்கத் தனிச் சங்கம் ஏன் வைத்தார்கள் என்ற கேள்விக்குப் பதிலும் இதுதான். பொதுவில் கரைந்துபோனால் தன்னைப் பற்றிப் பேச இடம் இருக்காது.

நம் பிள்ளைகள் அதிகம் தங்குவது அரசு விடுதியில். அங்கே கூரை இருக்கிறது, ஒழுகினாலும் இருக்கிறது. நினைவு இல்லை. எம்.சி. ராஜா யார் என்று அவர் பேர் போட்ட வாசலில் நிற்கும் மாணவனைக் கேளுங்கள், பெரும்பாலும் தலையைச் சொறிவான். பையன் மேல் தப்பில்லை. சொல்லித்தர வார்டனுக்கு உத்தரவு இல்லை, சொல்லிக்கொடுக்கப் பழைய மாணவர்கள் வருவதில்லை.

கூரையே இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். சென்னை நகரத்துக் குடிசைகளை இடித்து, ஆற்றங்கரை மக்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து 2000த்துக்குப் பிறகு கொட்டிய தெற்குப் புறநகர்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். இங்கே தோலின் வேலையை முகவரி செய்கிறது. வேலைக்கான விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று எழுதினால் என்ன நடக்கும் என்று அங்கே உள்ள பிள்ளைகளுக்குத் தெரியும், வேறு முகவரி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மாதிரி இடங்களிலிருந்தும் வட பகுதியின் ரயில் பாதைகளிலிருந்தும் அரசுக் கல்லூரிகளுக்கு மணிக்கணக்கில் பயணம் செய்து வருகிற பிள்ளைகள்தான் பேருந்தையும் ரயில் பெட்டியையும் தங்கள் விடுதியாக்கிக்கொண்டார்கள். 'ரூட்டு தல' என்கிறார்களே, அது இதுதான். தடத்துக்கொரு தலைவன், பாட்டு, கானா, கல்லூரிப் பேர் சொல்லிக் கூச்சல், பஸ் டே. சகோதர சங்கத்தின் எல்லா அங்கமும் இதில் இருக்கிறது. மரியாதை கிடைக்காத ஊரில் ஒரு பெட்டிக்குள்ளாவது ராஜாவாக இருப்பது என்ற ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். 2011இல் உயர்நீதிமன்றம் பஸ் டேவைத் தடை செய்தது. 2019 ஜூனில் மீண்டும் பஸ் கூரையிலிருந்து கொத்தாக விழுந்தார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவன் இன்னொரு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டுச் செத்தே போனான். அடித்தவனும் அடிபட்டவனும் ஏறி வந்தது ஒரே மாதிரிப் பெட்டிகளில், ஒரே மாதிரி வீடுகளிலிருந்து. பேர் இருக்கிறது, கொடி இருக்கிறது, உயிரைத் தரும் கூட்டாளி இருக்கிறான். எதற்காக என்பது மட்டும் இல்லை. எதிரி யார் என்று தெரியாத சகோதரத்துவம் பக்கத்துத் தடத்துக்காரனைத்தான் வெட்டும்.

மூன்றாவது வகையும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டம். 2015 மே மாதம் நிர்வாகம் அங்கீகாரத்தைப் பிடுங்கியது, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் ஜூனில் திருப்பிக் கொடுத்தது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் இயங்கும் அம்பேத்கர் மாணவர் சங்கம். 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா செத்த பிறகுதான் பலருக்கு அதன் பேரே தெரிந்தது. விடுதியை விட்டு வெளியேற்றப்பட்ட ஐந்து பேர் வெட்டவெளியில் தலைவர்கள் படத்தை வைத்து 'வெலிவாடா' என்று பேரிட்டுப் படுத்தார்கள். தெலுங்கில் அது சேரி. பல்கலைக்கழகத்தின் நடுவே சேரியை எழுப்பிக் காட்டினார்கள். இவர்களிடம் புத்தகம் இருக்கிறது, நினைவு இருக்கிறது, வாதம் இருக்கிறது. தலைக்கு மேலே கூரை கிடையாது, அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம்.

பேரை நிர்வாகமோ எதிராளியோ எப்படித் தொட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதற்கு 2008 நவம்பர் 12 ஒரு பாடம். சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி மோதல். தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரிப் பேரிலிருந்து அம்பேத்கரை மட்டும் எடுத்துவிட்டு அச்சடித்ததில் கிளம்பியது. தொலைக்காட்சி அடித்ததை மட்டும் ஓட்டியது, பேரை வெட்டியதைக் காட்டவில்லை. அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு கல்லூரியின் பேரில் அம்பேத்கர் இருப்பது பையன்களுக்கு அவ்வளவு பெரிய சங்கதியாக ஏன் இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. விசாரணைக் கமிஷன் கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. 2018இல் அதை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைப் பட்டரைப்பெரும்புதூருக்கும், இன்னொரு பாதியை வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் புதுப்பாக்கத்துக்கும் தூக்கிப் போட்டார்கள். உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த சட்ட மாணவன் இப்போது வயல்காட்டில் இறங்குகிறான். பேர் போகவில்லை. கூட்டம் கலைந்துவிட்டது.

சகோதரத்துவம் என்றதும் உருகிவிட வேண்டாம். கறுப்பர் சங்கங்களுக்குள்ளும் அழுக்கு உண்டு. பிராங்க்ளின் ஃபிரேசியர் என்ற கறுப்புச் சமூகவியலாளர் 1957இல் ஆங்கிலத்தில் வந்த தன் புத்தகத்தில் கறுப்பு நடுத்தர வர்க்கத்தை உரித்துத் தொங்கவிட்டபோது, சங்கங்களின் பகட்டையும் ஆடம்பரத்தையும் விடவில்லை. அவரே சங்கத்து ஆள்தான். ஸ்பைக் லீ 1988இல் எடுத்த 'ஸ்கூல் டேஸ்' படத்தில் ஒரு கறுப்பர் கல்லூரிக்குள் வெளுத்த தோல்காரிகளும் கறுத்த தோல்காரிகளும் முட்டிக்கொள்கிறார்கள், சங்கத்தில் சேர வருகிறவனை மிருகத்தை வதைப்பது போல் வதைக்கிறார்கள். 1990இல் கூட்டமைப்பு பழைய சேர்ப்புச் சடங்குகளை ஒழிப்பதாக அறிவித்தது. 1994இல் மிசூரி மாநிலத்தில் சேர வந்த ஒரு மாணவனை அடித்தே கொன்றார்கள். நம்மூரில் 1996இல் பொன் நாவரசு கொலைக்குப் பிறகு 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அடிமை அனுபவித்த அடியை அடிமையின் பிள்ளை அடுத்தவனுக்குக் கொடுத்து 'ஆம்பளை' ஆவது விடுதலை ஆகாது. நம் விடுதிகளிலும் சீனியர் துணியை ஜூனியர் துவைப்பது நடக்கிறது. பறையர் அறை, பள்ளர் அறை, அருந்ததியர் அறை என்று தனித்தனியாகப் பிரிவது நடக்கிறது. ஊரில் ஆண்டை செய்ததை உள்ளே நாம் செய்தால், பலகையில் என்ன எழுதியிருந்தால் என்ன?

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். கறுப்புப் பெண்கள் 1908லேயே தங்கள் சங்கத்தைத் தாங்களே கட்டினார்கள். நம் இயக்கப் பேச்சில் விடுதி என்றால் ஆண் விடுதிதான். பெண்கள் விடுதி ஆறு மணிக்குப் பூட்டுகிற வீடு. அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்துக்குப் பையன்கள் போவார்கள், பொண்ணுங்களுக்கு அனுமதி கிடைக்காது. படிப்பு வட்டம் ராத்திரி நடக்கும், அதற்கும் கிடைக்காது. 'அண்ணன்' என்று கூப்பிடுகிற ஒழுங்குக்குள்ளே தங்கச்சி எங்கே நிற்கிறாள் என்ற கேள்விக்கு நம் சகோதரத்துவம் இன்னும் பதில் எழுதவில்லை.

கிராஸின் ஐந்தாவது படியில் அடையாளம் காரியமாகிறது என்று பார்த்தோம். அந்தப் படிக்கு ஒருத்தன் தனியாக ஏறிப் போக முடியாது. கூரை, பேர், நினைவு, கடமை நாலும் ஒரே இடத்தில் கூடினால்தான் அது நடக்கும். அரசு விடுதியில் கூரை மட்டும். ரூட்டில் பேர் மட்டும். வாசிப்பு வட்டத்தில் நினைவு மட்டும். கடமையோ எங்கேயும் இல்லை. வேலைக்குப் போனதும் நாம் பறந்துவிடுகிறோம், பழைய விடுதியில் இருந்தவன் என்று சொல்லவே தயங்குகிறோம். படித்தவன் ஏமாற்றினான் என்று அம்பேத்கர் 1956இல் ஆக்ராவில் கண்கலங்கினார் என்பதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் தான் படுத்த அறையைத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்?

ஆகவே பலகை பற்றிய என் கருத்து இது. 'சமூகநீதி விடுதி' என்று எழுதட்டும், சண்டை வேண்டாம். ஆனால் எம்.சி. ராஜா பேர் போன்றவை பலகையிலிருந்து மெல்ல நழுவினால் விடக் கூடாது. எல்லாத் துறைக்கும் ஒரே பேர் என்று ஆன பிறகு, ஆதிதிராவிடர் விடுதிக்கென்று ஒதுக்கும் பணமும் இடங்களும் பொதுக்கணக்கில் கரைகின்றனவா என்று வருஷா வருஷம் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு விடுதியிலும் ஒரு அறையைப் படிப்பறை ஆக்கக் கேட்போம், அரசு தராவிட்டால் நாமே ஒரு அலமாரி வைப்போம். மகளிர் விடுதியில் முதலில் வைப்போம். தாம்பரம் பாதையில் வேலை பார்க்கிற, வீடு கட்டிக் குடியிருக்கிற பழைய விடுதி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மின்சார ரயில் டிக்கெட், இரண்டு மணி நேரம். போய் உட்கார்ந்து, தான் எந்த அறையில் இருந்தேன், யார் தன்னை அடித்தார்கள், யார் புத்தகம் கொடுத்தார்கள் என்று சொல்லட்டும். ஒளித்துக்கொண்டு வந்த பிள்ளை அதைக் கேட்கும். என்ன பேர் வேண்டும் என்று அது பிறகு தானே முடிவு செய்துகொள்ளும்.